மூன்று ரன் இன்னிங்ஸ்: ஹாஸ்லிங்டன் வென்ற விதம்

2014 ஏப்ரல் 26, சனிக்கிழமை. இங்கிலாந்தின் செஷயர் கிரிக்கெட் லீக்கில் மூன்றாம் பிரிவு ஆட்டம். முதலில் மட்டை பிடித்த ஹாஸ்லிங்டன் 108 ரன் சேர்த்தது. 109 எடுத்தால் வெற்றி என்று இறங்கிய விர்ரல் அணி 3 ரன்னில் ஆட்டமிழந்தது. வெற்றி வித்தியாசம் 105 ரன்.

வார இறுதியில் ஆடும் இரண்டு கிளப்புகளின் ஆட்டம் பல நாடுகளில் செய்தியானது. ஆனால் செய்தி முழுவதும் தோற்றவர்களைச் சுற்றியே இருந்தது. மூன்று ரன், வரிசையாகப் பூஜ்யங்கள், இதைவிடக் குறைந்த எண்ணிக்கை எப்போதாவது உண்டா என்ற தேடல். வென்ற அணி அந்தச் செய்தியில் ஓரமாக நின்றது. எனக்கு அது அப்போதே பொறுக்கவில்லை. ஓர் அணி மூன்று ரன்னில் சுருள வேண்டுமானால் எதிரே ஆடியவர்கள் எவ்வளவு பிசகில்லாமல் ஆடியிருக்க வேண்டும் என்பதை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான விடை ஸ்கோர் அட்டையிலேயே கிடக்கிறது, பொறுமையாகப் படித்தால் போதும்.

ஆடியவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். ஹாஸ்லிங்டன் என்பது செஷயரில் க்ரூ நகரத்துக்கு அருகே உள்ள ஒரு கிராமம். விர்ரல் என்பது டீ, மெர்சி என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட தீபகற்பம். வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை வெள்ளை உடுப்பு அணிபவர்களின் உலகம் இது. ஆகவே வீரர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

அட்டையைப் படித்தல்

விர்ரலின் மூன்று ரன்கள் இப்படி வந்தன: பதினோராவது ஆட்டக்காரர் எடுத்த 1 ரன், லெக் பை (மட்டையில் படாமல் உடலில் பட்ட பந்துக்கு ஓடியது) 2. மற்ற பத்துப் பேரின் பெயருக்கு எதிரேயும் பூஜ்யம். ஹாஸ்லிங்டன் தரப்பில் ஒருவர் 1 ரன் கொடுத்து 6 விக்கெட், இன்னொருவர் ரன்னே கொடுக்காமல் 4 விக்கெட்.

இவ்வளவுதான் கையில் இருக்கும் தகவல். ஆனால் இதற்குள் நிறைய இருக்கிறது.

பதினோராவது ஆள் களத்துக்கு வர ஒன்பது விக்கெட்டுகள் விழுந்திருக்க வேண்டும். மட்டையிலிருந்து வந்த ஒரே ரன் அவருடையது. அப்படியானால் ஒன்பது விக்கெட் விழும்வரை விர்ரல் அணியில் ஒருவர்கூட மட்டையால் ஒரு ரன் எடுக்கவில்லை. தொடக்க ஆட்டக்காரர்கள், அணியின் நம்பிக்கையான மூன்றாமவர், நிதானித்து ஆட வேண்டிய நடுவரிசை, எல்லாரும் வந்து போய்விட்டார்கள்.

இரண்டு பந்துவீச்சாளர்களுக்கும் சேர்த்துப் பத்து விக்கெட். ஆகவே ரன் அவுட் ஒன்றுகூட இல்லை. இது முக்கியம். ஓர் அணி பதறிச் சரியும்போது முதலில் தென்படும் அடையாளம் ரன் அவுட். வராத ரன்னுக்கு ஓடுவது, ஒருவர் வா என்க மற்றவர் நில் என்பது, இரண்டு பேரும் ஒரே முனையில் நிற்பது. அப்படி எதுவும் நடக்கவில்லை. பத்து விக்கெட்டுகளையும் பந்துவீச்சாளர்கள் உழைத்தே எடுத்திருக்கிறார்கள். எதிரணி அன்பளிப்பாகக் கொடுத்தது என்று சொல்ல அட்டையில் இடமில்லை.

மட்டையிலிருந்து வந்தது ஒரே ரன் என்பதால், முழுதாக வீசப்பட்ட ஓவர்களில் அதிகபட்சம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே மெய்டன், அதாவது பந்துவீச்சாளர் ரன்னே கொடுக்காத ஓவர். லெக் பை பந்துவீச்சாளர் கணக்கில் சேராது, மெய்டனையும் கெடுக்காது. நான்கு விக்கெட் எடுத்தவருக்கோ வீசிய முழு ஓவர்கள் அனைத்தும் மெய்டன்.

இனி நான் மிகவும் மதிக்கும் இடத்துக்கு வருகிறேன். மொத்தம் 3 ரன். அதில் 1 மட்டையிலிருந்து, 2 லெக் பை. கூட்டல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்படியானால் வைடு எத்தனை? ஒன்றும் இல்லை. நோபால்? இல்லை. பை, அதாவது மட்டையிலும் உடலிலும் படாமல் போன பந்துக்கு ஓடிய ரன்? அதுவும் இல்லை.

கிளப் கிரிக்கெட் ஆடிய எவரும் இந்த வரியில் நின்றுவிடுவார்கள். கீழ்ப் பிரிவு ஆட்டங்களில் பல நாள்களில் அணியின் சிறந்த ரன் சேர்ப்பாளர் வைடு, நோபால், பை போன்ற உதிரிகள்தான். யாருக்கும் மனசே இல்லாத நாளில்கூட வைடுகள் பத்து, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். பருவத்தின் தொடக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்: ஓட்டத்தின் அடி அளவு இன்னும் கூடி வந்திருக்காது, கால் கோட்டைத் தாண்டும், கை குளிரில் விறைத்திருக்கும். அப்படிப்பட்ட ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமையில் ஓர் இன்னிங்ஸ் முழுக்க ஒரு வைடுகூட இல்லை, ஒரு நோபால்கூட இல்லை. ஆறு விக்கெட்டோ நான்கு விக்கெட்டோ எனக்கு அவ்வளவு வியப்பில்லை. கிளப் கிரிக்கெட்டில் அவ்வப்போது நடப்பதுதான். சுத்தமாக வெறுமையாக நிற்கும் உதிரிக் கட்டங்களைக் கண்டுதான் கை தொழத் தோன்றுகிறது.

கையுறைக்காரர்

பல வருடங்கள் கிளப் அணியில் கீப்பராக நின்றவன் நான். ஸ்கோர் அட்டை கைக்கு வந்தால் முதலில் என் கண் போவது பை கட்டத்துக்கு. அது எங்கள் வீட்டுக் கணக்கு. மற்றவர்கள் சதத்தைத் தேடுவார்கள், ஐந்து விக்கெட்டைத் தேடுவார்கள். கீப்பர் தன்னைக் கடந்து போன பந்துகளை எண்ணுவார்.

பந்து மட்டையைத் திரும்பத் திரும்ப ஏமாற்றும் நாள் கீப்பருக்கு மிகவும் கடினமான நாள். மட்டையாளர் பந்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கீப்பருக்கு வேலை குறைவு. அவர் தவறவிடும் ஒவ்வொரு பந்தும் கீப்பரிடம்தான் வந்து சேர வேண்டும், அதுவும் கண்ணுக்கு முன்னால் மட்டை குறுக்கே போன பிறகு, தரையில் பட்டு வளைந்த பிறகு. சில பந்துகள் மட்டையாளரைத் தாண்டிய பின்னும் ஆடிக்கொண்டே வரும். அந்த அசைவைப் பழகாத கை நழுவவிடும். ஓடி ஒரு ரன், சில நேரம் எல்லைக்கே போய் நான்கு. விர்ரலின் மொத்த எண்ணிக்கையே மூன்று என்னும்போது கீப்பர் ஒரே ஒரு பந்தை எல்லைவரை போக விட்டிருந்தால் அந்த எண்ணிக்கை இரட்டிப்புக்கு மேல் போயிருக்கும். விடவில்லை. பந்துவீச்சு விவரத்தில் கீப்பருக்கு இடம் கிடையாது. ஆனாலும் அந்த 3 என்னும் எண்ணில் அவருடைய பங்கு பாதிக்குக் குறையாது என்பது என் துணிபு.

அந்த இரண்டு லெக் பை பற்றியும் ஒரு சொல். பந்து மட்டையில் படாமல் உடலில் பட்டு விலகி, அதில் ஓடினால் லெக் பை. மட்டையாளர் பந்தை அடிக்க முயன்றிருக்க வேண்டும், அல்லது உடலில் படாமல் தப்பிக்க முயன்றிருக்க வேண்டும் என்பது விதி. சும்மா காலை நீட்டிவிட்டு ஓடினால் கணக்கில் வராது. ஆகவே விர்ரல் எடுத்த மூன்றில் இரண்டு ரன், மட்டையில் படாத பந்துக்குக் கிடைத்தவை. அந்த ரன்களிலும் மட்டை ஏமாந்துதான் இருக்கிறது.

108 எப்படி வேலை செய்தது

108 பெரிய எண்ணிக்கை இல்லை. அதைக் காப்பாற்றப் போகும் அணி இடைவேளையில் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருக்காது. அதேசமயம் இந்த வெற்றி அந்த நிலைமையிலிருந்துதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன்.

250 ரன் கையில் இருந்தால் தலைவருக்கு வேறு வழிகள் உண்டு. ஆட்களைப் பரப்பி நிறுத்தலாம், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வீசி எதிராளி அவசரப்படும்வரை காத்திருக்கலாம், ரன் விகிதம் ஏறட்டும் என்று விட்டுவிடலாம். 108 வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்காது. ரன்னைக் கட்டுப்படுத்தி வெல்ல முடியாது. பத்துப் பேரையும் வெளியேற்றினால்தான் வெற்றி. அதற்கு ஒரே வழி பந்தை ஸ்டம்பை நோக்கி, மட்டையாளர் ஆடியே தீர வேண்டிய இடத்தில் வீசுவது. தவறினால் போல்டு, கால்காப்பில் பட்டால் எல்பிடபிள்யூ, விளிம்பில் பட்டால் ஸ்லிப்பில் கேட்ச். விட்டுவிடக்கூடிய பந்து என்று ஒன்றும் கிடையாது.

நம் ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கும் சான்று 1983 ஜூன் 25, லார்ட்ஸ். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா 183. அதில் அதிகபட்சம் நம் ஸ்ரீகாந்த் எடுத்த 38, அந்த ஆட்டம் முழுவதற்கும் அதுவே அதிகபட்சம். எதிரே ரிச்சர்ட்ஸ், லாயிட், கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ். மேற்கிந்தியத் தீவுகள் 140க்கு ஆட்டமிழந்தது. மொஹிந்தர் அமர்நாத் வீசியது வேகம் என்று சொல்ல முடியாத வேகம். 12 ரன்னுக்கு 3 விக்கெட். கடைசி விக்கெட் ஹோல்டிங், எல்பிடபிள்யூ. நேராக வந்த பந்து, குறுக்கே நின்ற கால். சிறிய எண்ணிக்கை ஒரு பந்துவீச்சாளரை எப்படி நேர்கோட்டுக்கு இழுக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதற்கும் நூறு வருடங்களுக்கு முன், 1882இல் ஓவல் மைதானத்தில் 85 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 77க்கு ஆட்டமிழந்து 7 ரன்னில் தோற்றது. ஆஸ்திரேலியாவின் ஸ்பாஃபோர்த் அந்த ஆட்டத்தில் 90 ரன்னுக்கு 14 விக்கெட் எடுத்தார். இவ்விரு அணிகளின் டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ் என்ற பெயரே அந்தத் தோல்வியிலிருந்து வந்ததுதான்.

ஹாஸ்லிங்டனின் 108க்கு வருவோம். ஆடுகளம்தான் காரணம் என்று ஒரு வாதம் வரும். ஏப்ரல் கடைசி என்பது இங்கிலாந்தின் வட பகுதியில் குளிர் முழுதாக விலகாத காலம். கிளப் மைதானங்களில் ஆடுகளம் மெதுவாகவும் ஈரமாகவும் இருக்கும், பந்தின் தையல் தரையைக் கவ்விப் பிடிக்கும். மட்டையாளர்கள் குளிர்காலம் முழுவதும் உள்ளரங்கில் பயிற்சி செய்துவிட்டு வந்திருப்பார்கள். அங்கே பந்து ஒரே சீராக எழும், வெளியே வந்தால் ஒன்று எழும், ஒன்று தாழும், ஒன்று வளையும். பருவத்தின் முதல் வாரங்கள் பந்துவீச்சாளர்களுக்குச் சொந்தம் என்று அங்கே சொல்வதில் உண்மை உண்டு.

ஆனால் இதே ஆடுகளத்தில், இதே நாளில், சற்று முன்புதான் ஹாஸ்லிங்டன் 108 எடுத்தது. 108ஐ 3ஆல் வகுத்தால் 36. ஒரே தரை, ஒரே வானம், முப்பத்தாறு மடங்கு வித்தியாசம். ஆடுகளம் எவ்வளவு கொடுமையானதாக இருந்தாலும் அது இரண்டு அணிகளுக்கும் பொது. விர்ரல் பந்துவீச்சாளர்கள் 108 ரன்னோடு எதிரணியை நிறுத்தியது அவர்களுக்கும் பெருமைதான். ஆட்டத்தின் முதல் பாதியில் விர்ரல் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஹாஸ்லிங்டன் மட்டையாளர்கள் அந்தக் கடினமான பாதியில் ஒன்று, இரண்டு என்று சேர்த்த ஒவ்வொரு ரன்னும் பிறகு எப்படிப்பட்ட மதிப்புக்கு உயர்ந்தது பாருங்கள். மூன்று ரன் பற்றிப் பேசியவர்கள் இந்த 108 பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

சரிவு எப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது

ஒரு விக்கெட் விழுவது வேறு, வரிசையாக விழுவது வேறு. இரண்டாவதற்கு ஒரு தனி இயக்கம் உண்டு.

முதலாவது பந்தின் வயது. வழக்கமான இன்னிங்ஸில் புதுப் பந்தின் பளபளப்பையும் கடினத்தையும் தொடக்க ஆட்டக்காரர்கள் தாங்கிக்கொள்வார்கள். எட்டாவது, ஒன்பதாவது ஆட்டக்காரர் வரும்போது பந்து மென்மையாகி, தையல் தளர்ந்து, அசைவு தணிந்திருக்கும். இங்கே ரன்னே இல்லாமல் விக்கெட்டுகள் போய்க்கொண்டிருந்ததால் பந்துக்கு வயதாகவே இல்லை. புதுப் பந்தை எதிர்கொண்டே பழக்கமில்லாத கடைவரிசைக்காரர்கள், புதுப் பந்தைப் புதிதாகவே சந்தித்தார்கள். பந்துவீச்சாளர்களும் களைப்படையவில்லை. மட்டையிலிருந்து வந்த அடி எதுவும் இல்லாததால் பந்து எல்லையில் உள்ள விளம்பரப் பலகையிலும் கல்லிலும் மோதிச் சிராய்க்கவும் இல்லை.

இரண்டாவது களத்தடுப்பு. தொடக்கத்தில் 108ஐக் காக்கத் தலைவர் ஓரிருவரையாவது ஆழத்தில் வைத்திருக்கக்கூடும். எதிரணி பூஜ்யத்துக்கு நான்கு விக்கெட் என்று ஆன பிறகு ஆழத்தில் நிற்க யாருக்கும் வேலையில்லை. ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். ஸ்லிப் இரண்டு மூன்றாகும், மூன்று நான்காகும், முன்னால் ஒருவர் குனிந்து நிற்பார். களத்துக்கு வரும் புதிய ஆள் நிமிர்ந்து பார்த்தால் நான்கு திசையிலும் முகங்கள் மட்டுமே தெரியும். தட்டிவிட்டு ஓடி ஒரு ரன் எடுக்க வேண்டிய இடங்கள் எல்லாம் அந்த முகங்களுக்குப் பின்னால், காலியாகக் கிடக்கும். துணிந்து தூக்கி அடித்தால் ரன் கிடைக்கும். ஆனால் பூஜ்யத்துக்கு ஆறு விக்கெட் என்ற நிலையில் தூக்கி அடிக்கும் மனம் யாருக்கு வரும்? நிலைத்து நிற்கத்தான் எவரும் முயல்வார்கள். நிலைத்து நிற்பவரைச் சுற்றி வளைப்பது எளிது.

மூன்றாவது, வெளியே நடப்பது. தொழில்முறை அணியில் அடுத்து இறங்க வேண்டியவர் கால்காப்பு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதற்கு அடுத்தவரும் தயாராக இருப்பார். கிளப் கிரிக்கெட்டின் கீழ்ப் பிரிவுகளில் பெரும்பாலும் மட்டை பிடிக்கும் அணியின் ஆட்களே நடுவராக நிற்பதும் ஸ்கோர் எழுதுவதும் வழக்கம். ஏழாவதாக இறங்க வேண்டியவர் கையில் பென்சிலோடு இருப்பார். விக்கெட்டுகள் மளமளவென்று விழும்போது அவர் எழுந்து ஓட வேண்டும், கால்காப்பு தேட வேண்டும், பொருந்தும் கையுறை யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். விக்கெட் விழுந்து 3 நிமிடத்துக்குள் அடுத்த பந்தை எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஓடி வருபவர் பந்தின் போக்கைப் பார்த்திருக்க மாட்டார், ஆட்டமிழந்து திரும்பியவரிடம் பந்து என்ன செய்கிறது என்று கேட்க நேரமிருக்காது. முதல் பந்து அவருக்கு எல்லா அர்த்தத்திலும் முதல் பந்து.

நான்காவது அதிர்ஷ்டம். இதை மறைக்க வேண்டியதில்லை. எந்த நாளிலும் மட்டையாளர்கள் பந்தைத் தவறவிடுவார்கள். பெரும்பாலான நாளில் விளிம்பில் பட்டது ஸ்லிப்புக்கு முன்னே விழும், கால்காப்பில் பட்டது லெக் ஸ்டம்பை விட்டுப் போகும். சில நாள்களில் எல்லாமே ஒட்டிக்கொள்கிறது. 2020 டிசம்பர் 19, அடிலெய்டு. இந்தியா 36 ரன்னுக்கு 9 விக்கெட், ஷமி காயத்தோடு வெளியேறியதில் இன்னிங்ஸ் முடிந்தது. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. ஹேசல்வுட் 8 ரன்னுக்கு 5 விக்கெட், கம்மின்ஸ் 21 ரன்னுக்கு 4. ஒன்பதில் ஐந்து கேட்ச், விளிம்பில் பட்டுக் கீப்பர் டிம் பெயின் கையில் போனவை. அதே அணி அடுத்து மெல்போர்னில் 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது, தொடரையும் 2-1 என்று கைப்பற்றியது. பிரிஸ்பேனில் நடந்த கடைசி டெஸ்டில் நம் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமாகி முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்ததைத் தமிழ்நாடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. 36 எடுத்தவர்கள் ஆடத் தெரியாதவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் அதிர்ஷ்டத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. விளிம்பில் படுவது அதிர்ஷ்டமாக இருக்கலாம், விளிம்பில் படக்கூடிய இடத்தில் பந்தை இருபது தடவை, முப்பது தடவை தொடர்ந்து போடுவது கைப்பழக்கம். அகலப் போகும் பந்து எந்த அதிர்ஷ்டத்தாலும் விக்கெட்டாக மாறாது. ஒரு வைடும் இல்லாத இன்னிங்ஸை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

"எதிரணி மோசம்" என்ற வாதம்

இதைத்தான் அதிகம் கேட்டேன். மூன்றாம் பிரிவு ஆட்டம், எதிரணிக்கு மட்டை பிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த வாதம் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. அதற்கு மறுமொழியாக நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது சயன் மில்ஸ் என்ற ஊரில் நடந்த ஆட்டம்.

1969 ஜூலை 2. வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் உள்ள சிற்றூர். அங்கே மேற்கிந்தியத் தீவுகள் அணி அயர்லாந்தோடு ஒருநாள் ஆட்டம் ஆட வந்தது. முந்தைய நாள்தான் லார்ட்ஸில் டெஸ்ட் முடிந்திருந்தது. அயர்லாந்து அணியில் இருந்தவர்கள் கிரிக்கெட்டால் பிழைப்பவர்கள் அல்லர், நம் கிளப் ஆட்டக்காரர்களைப் போன்றவர்கள். மேற்கிந்திய அணியில் கிளைவ் லாயிட் இருந்தார். தலைவர் பேசில் புட்சர். அணி மேலாளராக வந்திருந்த கிளைட் வால்காட் 43 வயதில் மட்டையோடு இறங்கினார்.

பச்சையாக, ஈரமாகக் கிடந்த ஆடுகளத்தில் மேற்கிந்தியத் தீவுகள் 12 ரன்னுக்கு 9 விக்கெட் இழந்தது. கடைசி ஜோடி 13 சேர்த்ததால் 25. அயர்லாந்தின் டகி குட்வின் 6 ரன்னுக்கு 5 விக்கெட், அலெக் ஓரியர்டன் 18 ரன்னுக்கு 4. மீதி ஒன்று ரன் அவுட். லாயிட் எடுத்தது 1, புட்சர் 2, வால்காட் 6. அதிகபட்சம் பந்துவீச்சாளர் ஷில்லிங்ஃபோர்டு ஆட்டமிழக்காமல் எடுத்த 9. அயர்லாந்து ஒரே விக்கெட்டை இழந்து வென்றது. கூடியிருந்தவர்களுக்காக ஆட்டத்தைத் தொடர்ந்து 8 விக்கெட்டுக்கு 125 எடுத்த பிறகு நிறுத்திக்கொண்டது.

உலகின் சிறந்த மட்டைகளில் சில, ஈரத் தரையில் நேராக வீசத் தெரிந்த இரண்டு பொழுதுபோக்குப் பந்துவீச்சாளர்களிடம் 25க்கு முடிந்தன. சயன் மில்ஸில் இரண்டு பேர், ஹாஸ்லிங்டனிலும் இரண்டு பேர். இரண்டு இடங்களிலும் மட்டையாளரைத் திகைக்க வைத்தது வேகம் என்று நான் நம்பவில்லை. இரண்டு முனையிலும் ஓய்வில்லாத நேர்த்திதான் அதைச் செய்தது. ஒரு முனையில் நல்ல பந்துவீச்சு இருந்தால் மட்டையாளர் மறுமுனைக்குப் போய்த் தப்பிக்கலாம். இரண்டு முனையும் அடைபட்டால் போவதற்கு இடமில்லை. ஹாஸ்லிங்டன் அட்டையில் 1 ரன்னுக்கு 6 விக்கெட் என்பதையும் 0 ரன்னுக்கு 4 விக்கெட் என்பதையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. முதலாமவரின் ஆறு விக்கெட்டில் இரண்டாமவரின் மெய்டன்கள் இருக்கின்றன. பூஜ்யம் ரன் கொடுத்தவர்தான் அந்த முடிச்சை இறுக்கியவர் என்று எண்ணுகிறேன்.

முதல்தர கிரிக்கெட்டிலும் இத்தகைய நாள்கள் உண்டு. 1907இல் குளோஸ்டர் நகரில் நார்த்தாம்ப்டன்ஷயர் 12 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. எதிரணியின் ஜார்ஜ் டென்னட் 9 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். டெஸ்டில் நியூசிலாந்து 1955இல் ஆக்லாந்தில் இங்கிலாந்திடம் எடுத்த 26தான் மிகக் குறைந்தது. கிளப் கிரிக்கெட்டில் மூன்றுக்கும் கீழே போன கதையும் இருக்கிறது: 1913இல் சோமர்செட்டின் கிளாஸ்டன்பரி அணி, லாங்போர்ட் அணியை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் வெளியேற்றியது. ஆகவே ஹாஸ்லிங்டன் செய்தது உலகில் நடக்காத ஒன்று அல்ல. அது எவருக்கும் எளிதாக நடப்பதும் அல்ல.

பதினோராவது ஆள்

விர்ரல் அணியின் கடைசி ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒன்பது விக்கெட் போயிருக்கிறது. தனக்கு முன்னால் போன எவரும் மட்டையால் ஒரு ரன் எடுக்கவில்லை. களத்தில் எதிரணியின் உற்சாகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அணியின் மட்டை வரிசையில் கடைசியாக எழுதப்படும் பெயர் அவருடையது. எவரும் அவரிடம் எதையும் எதிர்பார்த்திருக்க முடியாது. அவர் ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஓடி மறுமுனைக்குப் போனார். 109க்கு அந்த ஒரு ரன்னால் ஆவது ஒன்றுமில்லை. இருந்தும் எடுத்தார். அவர் எடுத்திருக்காவிட்டால் ஹாஸ்லிங்டனின் இரண்டு பந்துவீச்சாளர்களும் ஒரு ரன்னும் கொடுக்காமல் பத்து விக்கெட் எடுத்திருப்பார்கள். அந்த ஒற்றை ரன் நல்ல பந்துவீச்சுக்கு எதிராக, நேரான வழியில், மட்டையால் சம்பாதித்தது. ஹாஸ்லிங்டனின் ஆறு விக்கெட்காரருக்கு எதிரே அட்டையில் உள்ள 1 அவர் போட்ட கையெழுத்து.

ஹாஸ்லிங்டன் பக்கத்திலும் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒரு நிலை உண்டு. ஒன்பது விக்கெட் வீழ்த்திய பிறகு, ஆட்டம் கையில் வந்துவிட்ட பிறகு, பந்துவீச்சாளர்கள் தளர்வது இயல்பு. எதிரே கடைசி ஆள், ரன் வித்தியாசம் நூறுக்கு மேல். பின்கள ஆட்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு சோம்பல் பந்து லெக் பக்கம் போய் வைடு ஆவது, கீப்பர் கை தாழ்ந்து பை போவது எல்லாம் யாரும் குறை சொல்லாத சிறு பிழைகள். கடைசி விக்கெட்டுக்கும் அவர்கள் முதல் விக்கெட்டுக்கு வீசியதைப் போலவே வீசினார்கள். விர்ரல் இன்னிங்ஸின் உதிரிகள் வரியில் லெக் பைக்கு நேரே 2. பை, வைடு, நோபால் என்ற மூன்று கட்டங்களும் ஆட்டம் தொடங்கும் முன் இருந்ததைப் போலவே ஆட்டம் முடிந்த பிறகும் வெள்ளையாக இருந்தன.